காற்றைத் தடவிய கைகள்

எனக்கு ஏழு வயதிருக்கும்போது, அம்மாவும் மாமாவும் என்னைக் காட்டுமன்னார்கோயிலிலிருந்து டவுன் பஸ்ஸில் சிதம்பரத்துக்கு த்ரீடி படம் பார்க்க அழைத்துப்போனார்கள். முதலில் கோயில், பிறகுதான் தியேட்டர் என்பது அம்மாவின் சட்டம். சினிமாவுக்காகவே வந்தோம் என்று நடராஜர் நினைத்துவிடக் கூடாதல்லவா.

சிதம்பர ரகசியத்தின் திரையை விலக்கினார்கள். தங்க வில்வ இலைகள் தொங்கின, பின்னால் ஒன்றுமில்லை. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எதும்மா சாமி?" என்றேன்.

"அங்கதான்டி இருக்காரு. தெரியலன்னு வெளிய சொல்லாத, கும்புட்டுக்கோ."

தியேட்டரில் ஆளுக்கொரு கறுப்புக் கண்ணாடி கொடுத்தார்கள். கடலைப் பற்றிய படம். திரையில் ஒரு மீன் கூட்டம் திரும்பியது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் அங்கிருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கையை நீட்டினார்கள். இருட்டில் கைகள் எழுந்து வெறும் காற்றைத் தடவின. பின்வரிசையில் ஒரு குழந்தை எதையோ தட்டிவிட்டுச் சிரித்தது. அம்மா தன் மடிக்கு மேலே எதையோ மெல்ல வருடினாள். கண்ணாடிக்குள் அவள் கண் தெரியவில்லை. பக்கத்தில் இருப்பது அம்மாதானா என்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"மாமா, எல்லாரும் எதத் தொடுறாங்க?"

"மீனத்தான். ரெண்டு கண்ணுக்கும் தனித்தனியா படம் காட்டுறாங்க. கண்ணாடி அதப் பிரிச்சு வுடும், மூள ஒண்ணா சேத்துக்கும். அப்பதான் கிட்ட வர்ற மாதிரி இருக்கும். ஒத்தக் கண்ண மூடிப் பாரு, மீனு திரைக்கே போயிடும்."

இடது கண்ணை மூடினேன். எதுவும் மாறவில்லை. வலது கண்ணை மூடினேன். திரையும் மீனும் கஞ்சித் தண்ணீராகக் கலங்கின.

"போயிடுச்சா?" என்றார் மாமா.

தெரியாவிட்டாலும் தெரிந்ததுபோல் இருக்க வேண்டிய இடம்தான் இதுவும் என்று முடிவு செய்தேன்.

"போயிடுச்சு மாமா."

அடுத்த மீனுக்கு எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தி, கையை நீட்டினேன். மாமாவுக்குப் பரம திருப்தி.

கல்லூரியில் படிக்கும்போது கடலூரில் ஒரு கண் டாக்டர் என் இடது கண்ணில் வெகுநேரம் விளக்கடித்துப் பார்த்தார். "சின்ன வயசுலயே நல்ல கண்ண மறைச்சு கட்டியிருந்தா இந்தக் கண்ணும் பழகியிருக்கும். ஏம்மா யாருகிட்டயும் சொல்லல?" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சொல்வதற்கு என்ன இருந்தது? ஒரு கண் பார்ப்பதற்கு, இன்னொன்று முகத்துக்கு அழகாக இருப்பதற்கு, எல்லோருக்கும் அப்படித்தான் என்றல்லவா நினைத்திருந்தேன்.