இந்த வெர்ஷன் முடிந்ததும்

எங்கள் அலுவலகத்தில் அவளுக்குத் 'தெர்மாமீட்டர்' என்று யார் பெயர் வைத்தார்கள் என்று தெரியாது. பெயர் கச்சிதமாக ஒட்டிக்கொண்டதால் யாரும் விசாரிக்கவும் இல்லை. நான் அங்கே வாடிக்கையாளர்களின் புகார்களைப் போனில் வாங்கிக் கட்டிக்கொள்ளும் வேலையில் இருந்தேன். என் மேசைக்கும் அவள் மேசைக்கும் நடுவில் ஒரு தண்ணீர்க் கேன் மட்டும்தான்.

குளிர்சாதனக் கிடங்குகளுக்குச் சின்னச் சின்னக் கணினிகள் பொருத்திக் கொடுப்பது எங்கள் தொழில். பழம், பால், மருந்து என்று எதை வைக்கிற அறையானாலும் உள்ளே எவ்வளவு குளிர், விசிறி எந்த வேகத்தில் சுற்றுகிறது என்று அந்தக் கணினி வெளியே திரையில் காட்டும். அதற்குள்ளே ஒரு சென்சார் சிப் இருந்தது. மலிவாகக் கிடைக்கிறதே என்று முதலாளி ஒரு காலத்தில் மொத்தமாக வாங்கிப் போட்டது. சிப்பைச் செய்த கம்பெனி அப்புறம் கடையைக் கட்டிவிட்டுப் போய்விட்டது.

அந்தச் சிப்போடு பேசத் தெரிந்த 'டிரைவர்' என்கிற மென்பொருளை எழுதிக் காப்பாற்றி வந்தவள் தெர்மாமீட்டர்தான். இயங்குதளத்தின் நடுவே கர்னல் என்று ஒன்று இருக்கிறது. உலகமெங்கும் பலர் சேர்ந்து எழுதி, எல்லாருக்கும் இலவசமாகத் திறந்து வைத்திருப்பது. மற்ற டிரைவர்கள் எல்லாம் அதற்குள்ளேயே குடியிருந்தன. இவளுடையது மட்டும் தனிப் பொட்டலமாக வெளியே நின்றது. கர்னலின் புது வெர்ஷன் வரும்போதெல்லாம் உள்ளே எதையாவது மாற்றிவிடுவார்கள். வெளியே நிற்பவனுக்கு யார் சொல்லி அனுப்புவார்கள்? பொட்டலம் ஏற மறுக்கும். இவள் உட்கார்ந்து சரி செய்வாள். பழைய கணினிகள் பழைய வெர்ஷனில் ஓடும், புதியவை புதியதில் ஓடும், ஒரே பொட்டலம் எல்லாவற்றுக்கும் பொருந்த வேண்டும்.

அவள் கணவர் வேறொரு ஊரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். ஓர் இரவு ரயில் தூரம். பழகின வாடிக்கை, சொந்தமாக லென்ஸ் தீட்டும் இயந்திரம். கடையை விட்டு வர முடியாது. ஒரு வருஷம் பார்க்கலாம் என்று சொல்லித்தான் இவள் இங்கே வந்தாள். அப்போது மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள். நான் சேர்ந்தபோது அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். தெர்மாமீட்டர் பெண்கள் விடுதியில் ஒரு கட்டிலும் ஓர் இரும்பு அலமாரியுமாக இருந்தாள். மாதம் ஒருமுறை ஊருக்குப் போவாள். மற்ற நாட்களில் சாயங்காலம் மாடிப்படியில் உட்கார்ந்து போனில் மகளோடு பேசுவாள்.

"எப்பம்மா வருவே?"

"இந்த வெர்ஷன் முடிஞ்சதும் வந்துடுவேன்டா குட்டி."

ஒருநாள் குட்டி கேட்டிருக்கிறாள், "அந்த வெர்ஷன் யாரும்மா? அவங்களுக்கு வேற அம்மா இல்லையா?"

இதை என்னிடம் சொல்லிச் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு நெடுநேரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வேலை செய்தாள். நான் சளி என்று நினைத்துக்கொண்டதாகக் காட்டிக்கொண்டேன்.

அந்தக் கோடையில் அவர்கள் வாடகை வீடு மாறினார்கள். முதல்முறையாகக் குட்டிக்குத் தனி அறை. சாமான் ஏற்றுகிற அன்றைக்குத் தானும் நிற்க வேண்டும் என்று தெர்மாமீட்டர் விடுப்பு வாங்கி, டிக்கெட் எடுத்து, திரைச்சீலைத் துணிகூட வாங்கி வைத்திருந்தாள். அன்று காலை எனக்கு ஒரு போன் வந்தது. பழக்கிடங்குக்காரர்.

"ஏம்மா, உங்க பெட்டி நாலு டிகிரின்னு காட்டுது. உள்ள போனா வேர்க்குது! நாலு டிகிரியில எனக்கு எப்படிம்மா வேர்க்கும்?"

அந்தக் கிடங்கின் கணினி முந்தின நாள்தான் தானாகப் புது கர்னலுக்கு மாறியிருந்தது. பொட்டலம் ஏற மறுத்திருந்தாலாவது பரவாயில்லை, தெரிந்திருக்கும். ஒழுங்காக ஏறி, ஒழுங்காக ஓடுவதுபோலவே நடித்திருக்கிறது. சிப்பிடம் முதல்தடவை கேட்ட எண்ணை வைத்துக்கொண்டு, மறுபடி கேட்காமல், அதையே சொல்லிக்கொண்டிருந்தது. அதே வெர்ஷனுக்கு மாறக் காத்திருந்த கிடங்குகள் இன்னும் நிறைய. அதில் ஒன்று மருந்துக் கிடங்கு.

முதலாளி அவளைப் போகாதே என்று சொல்லவில்லை. அவள் மேசைக்குப் பக்கத்தில் வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றார், அவ்வளவுதான். அவள் திரைச்சீலைப் பையை மேசைக்கு அடியில் காலால் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள்.

கோளாறைச் சரி செய்துவிட்டு அடுத்த வாரம் ஊருக்குப் போனாள். திரும்பி வந்தவள் முகத்தில் ஈயாடவில்லை. மத்தியானச் சாப்பாட்டின்போதுதான் வாய் திறந்தாள்.

"ஸ்பூன் எங்க இருக்குன்னு தெரியலக்கா."

"எந்த ஸ்பூன்?"

"எங்க வீட்டுல. சமையல்கட்டுல நின்னு ஒவ்வொரு டிராயரா இழுத்துப் பாக்கறேன். குட்டி வந்து, 'நீங்க உக்காருங்கம்மா, நான் எடுத்துத் தரேன்'னு சொல்றா. நீங்களாம்! விருந்தாளிக்குச் சொல்ற மாதிரி. வீட்டுக்காரம்மா வேற, நான் வெளியூர்ல டிரைவர் வேலை பாக்கறேன்னு கேள்விப்பட்டு, லாரியா பஸ்ஸான்னு கேக்கறாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்திருக்க வேண்டும். ஆனால் சிரிக்கவில்லை.

அன்றே முதலாளியின் அறைக்குப் போனாள். கதவு சாத்தவில்லை, பேசியது எனக்குக் கேட்டது.

"சார், இந்த டிரைவரைக் கர்னலுக்குள்ளயே சேத்துடலாம். உள்ள இருந்தா, எதையாவது மாத்தறவங்க இதையும் சேத்து மாத்திடுவாங்க. ஒவ்வொரு வெர்ஷனுக்கும் நாம பின்னாடி ஓட வேண்டாம்."

"நம்ம சரக்கை ஊருக்கே எடுத்துக் குடுத்துட்டு, அப்புறம் இங்க என்ன வேலை இருக்கும்மா?"

"எனக்கு இருக்காது சார். அதுக்காகத்தான் கேக்கறேன்."

பழக்கிடங்கு விவகாரம் இன்னும் அவர் மனதில் இருந்திருக்கும். சரி என்றார்.

கர்னலுக்குள் யார் வேண்டுமானாலும் நுழைந்துவிட முடியாது. அந்தப் பகுதிக்குப் பொறுப்பானவர் எங்கோ தூர தேசத்தில் இருந்தார். முகம் பார்த்ததில்லை. நாங்கள் அவருக்கு 'வாட்ச்மேன்' என்று பெயர் வைத்தோம். இவள் பக்கம் பக்கமாக அனுப்புவாள். அவர் ஒற்றை வரியில் திருப்புவார். இது கூடாது, அது தேவையில்லை, திரும்ப எழுதவும்.

"நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் வலிக்குமா இவருக்கு?" என்றேன்.

"ஈசியா உள்ள விடறவரா இருந்தா, கண்டதும் உள்ள வந்துடும்க்கா."

ஆனால் ஒரு திருத்தத்தில் அவளே தடுமாறிப்போனாள். இத்தனை வருஷமாக அந்தப் பொட்டலம் எல்லா வெர்ஷனுக்கும் பொருந்தியது எப்படியென்றால், இந்த வெர்ஷனானால் இப்படி, அந்த வெர்ஷனானால் அப்படி என்று அவள் இடையிடையே நிபந்தனைகள் எழுதி வைத்திருந்தாள். எல்லாவற்றையும் எடுத்துவிடு என்றார் வாட்ச்மேன். கர்னலுக்குள் வந்துவிட்டால் இருப்பது ஒரே வெர்ஷன், இன்றைய வெர்ஷன். பழையதெல்லாம் அங்கே குப்பை.

அவர் சொன்னது நியாயம்தான். அவள் என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள்.

"இது குட்டி எழுந்து நின்ன மாசம் எழுதினது. அவர் போன்ல வீடியோ அனுப்பினார். இது அவளுக்கு அம்மை போட்டிருந்தப்போ. இது, பள்ளிக்கூடத்துல மொதல் நாள் அழாம போனான்னு சொன்னாரே, அப்போ."

எனக்கு அதில் ஒரு வரியும் புரியாது. ஆனாலும் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து அழித்தாள். மொத்தமாக ஒரே அடியாக அழித்திருக்கலாம், செய்யவில்லை. கடைசியில் டிரைவர் பாதியாக இளைத்துவிட்டிருந்தது.

பிறகு சில வாரங்கள் பதிலே இல்லை. மழை தொடங்கியிருந்த ஒரு மத்தியானம் வந்தது. சேர்த்துக்கொண்டேன், நன்றி என்று வாட்ச்மேன் எழுதியிருந்தார். அவள் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தாள். என் கையைப் பிடித்தாள். கை சில்லென்று இருந்தது.

பழைய வெர்ஷனில் ஓடும் கிடங்குகளுக்கு என்ன வழி என்று முதலாளி கேட்டார். அவை இனி மாறப் போவதில்லை, மாறாதது உடையாது என்றாள். பழைய பொட்டலத்தை அந்த வெர்ஷன்களோடு நிறுத்திக் கட்டி, அதற்கு மேல் ஏறாதபடி பூட்டுப் போட்டுவிட்டு, விடுதி அலமாரியைக் காலி செய்தாள். ரயிலடிக்கு நான்தான் போனேன். மூன்று பைகள். திரைச்சீலைத் துணி எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது.

போனதும் எல்லாம் நேராகிவிட்டது என்று சொன்னால் பொய். கண்ணாடிக்கடைக்காரர் கடையின் பின்கட்டில் அவளுக்கு ஒரு மேசை போட்டுக் கொடுத்தார். உள்ளூர்க் கடைகளுக்குக் கணக்கு மென்பொருள் அமைத்துக் கொடுத்தாள். ஆனால் குட்டி தலை பின்ன அப்பாவிடம்தான் போனாள். நேரில் அம்மாவிடம் பேச அவளுக்கு வாய் எழவில்லை. வருஷக்கணக்காகப் பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் போனில் சொல்லிப் பழகியவள்.

"அதனால இப்ப நான் மொட்டைமாடிக்குப் போய் அவர் போனுக்குக் கூப்பிடறேன்க்கா," என்றாள். "கீழ இருந்துக்கிட்டு எல்லாக் கதையும் சொல்றா. யாரோட சண்டை, எந்த மிஸ் திட்டினாங்க, எல்லாம். குரல் போன்லயும் கேக்குது, கீழ இருந்தும் கேக்குது. படியிறங்கிப் போய்க் கட்டிக்கலாம்னு கால் துடிக்கும். போனா நிறுத்திடுவாளேன்னு அங்கயே உக்காந்துக்குவேன்."

அதற்குச் சில மாதங்கள் ஆயின. மாடியிலிருந்து பேசியவள் அப்புறம் கூடத்திலிருந்து பேசினாள், அப்புறம் அடுத்த அறையிலிருந்து. ஒருநாள் குட்டி போனைக் கையில் பிடித்தபடியே வந்து மடியில் சாய்ந்துகொண்டு மீதிக் கதையைச் சொன்னாளாம்.

சென்ற மாதம் நான்தான் அவளைக் கூப்பிட்டேன். புது கர்னல் வந்திருக்கிறது, புதிய கணினி இருக்கிற கிடங்கெல்லாம் மாறிவிட்டது, ஒரு புகார்கூட இல்லை என்றேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

"பாத்தேன்க்கா," என்றாள். "உள்ள எதையோ மாத்தியிருக்காங்க. நம்ம டிரைவரையும் யாரோ ஒருத்தர் மாத்தியிருக்கார். பேர்கூடத் தெரியாதவர். என்னை ஒரு வார்த்தை கேக்கல. கேக்கணும்னு இல்லதான்."

"சரியா மாத்தியிருக்காரா?"

"சரியாத்தான் மாத்தியிருக்கார்."

அவள் பக்கம் லென்ஸ் தீட்டும் இயந்திரத்தின் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது.

"நானா இருந்தா அந்த ஒரு இடத்துல மட்டும்..." என்று ஆரம்பித்தாள். பின்னாலிருந்து குட்டி அம்மா என்று கூப்பிட்டாள். "இதோ வரேன்டா," என்றவள், என்னிடம் அப்புறம் பேசுகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போனை வைத்தாள்.