நுணா மட்டையின் எடை

அந்த மட்டை பிளந்தது மரத்தின் குற்றம் அல்ல, செய்தவன் குற்றமும் அல்ல. இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கக் கூடாது. நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்பட்டே காலத்தைக் கழித்துவிட்டேன். போன மாசம் ஒரு கல்யாணப் பந்தியில் எனக்குப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த இரண்டு பெரியவர்கள் பழைய கிரிக்கெட் கதை பேசிக்கொண்டிருந்தார்கள். யுத்த காலத்தில் விழுப்புரத்துக்காரர்கள் திண்டிவனம் போய்த் தோற்று வந்த கதை. "சேரியில பண்ண பேட்டை நம்பிப் போனாங்க. நாலாவது பந்துல பொளந்துக்கினு போச்சு," என்றார் ஒருவர். மற்றவர் பாயசத்தைக் குடித்துக்கொண்டே சிரித்தார். பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போய்விட்டேன். வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அந்த மட்டையைச் செய்தவன் என் அண்ணன். விழுப்புரம் ரயிலடிக்குப் பக்கத்து மரவாடியில் பெரிய ரம்பத்தின் ஒரு முனையைப் பிடித்து இழுப்பது அவன் வேலை. அம்மா எண்ணெய் மில்லில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உடைத்துப் பொறுக்குவாள். அஞ்சாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு நான் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினாலு வயது இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வக்கீல் வீட்டு மகனும் அவருடைய கூட்டாளிகளும் மைதானத்தில் கிரிக்கெட் ஆடுவார்கள். எல்லைக்கு வெளியே ஓடுகிற பந்தை எடுத்து எறிவதற்கு அண்ணனை நிற்க வைத்திருந்தார்கள். அவ்வளவு தூரத்திலிருந்து எறிந்து நேராக ஸ்டம்புக் குச்சியைச் சாய்ப்பான். அதற்குக் கைதட்டுவார்கள். பந்தைத் தொடலாம், மட்டையைத் தொடக் கூடாது. இந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. எங்கள் பக்கத்துத் தரிசில் பனை மட்டையைச் செதுக்கி வைத்துக்கொண்டு அண்ணன் ஆடும்போது, அவனை அவுட்டாக்க முடியாமல் பையன்கள் சலித்துப்போய் வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஒரே ஒரு தரம் நிஜ மைதானத்தில், நிஜப் பந்துக்கு எதிரே நிற்க வேண்டும் என்பதுதான் அவனுக்கு இருந்த ஆசை. வேறு எதையும் அவன் கேட்டு நான் பார்த்ததில்லை.

யுத்தம் வந்ததும் சீமையிலிருந்து மட்டை வருவது நின்றுபோனது. வக்கீல் மகனிடம் இருந்தது ஒன்றே ஒன்று. அதுவும் கைப்பிடி விட்டுப்போய்க் கயிறு சுற்றிக் கிடந்தது. திண்டிவனத்துக்காரர்களோடு பந்தயம் வைத்தாகிவிட்டது. கடைத்தெரு ஆசாரியிடம் ஒரு மட்டைக்குச் சொன்னார்கள். டிரில் மாஸ்டர் தானும் ஒன்று செய்து தருவதாகச் சொன்னார். அப்போதுதான் அண்ணன் வாயைத் திறந்தான்.

"நானும் ஒண்ணு பண்ணிக்கினு வர்றேங்க, சின்னய்யா. நல்லா இருந்தா என்னியும் ஆட்டத்துல சேத்துக்குவீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். வக்கீல் மகனும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "மத்த ரெண்டையும் உன்னுது ஜெயிச்சா ஏழாவது ஆளா உன்னை எறக்கறேன்டா. போ." சிரித்துக்கொண்டு சொன்னாலும் பத்துப் பேர் முன்னால் சொன்னார். விறகுக்குச் சருகு பொறுக்கிக்கொண்டிருந்த நானும் கேட்டேன்.

மட்டையின் அளவு வேண்டுமே. அண்ணன் அதற்குக் கிட்டப் போனால் விரட்டுவார்கள். என்னை யாரும் பார்ப்பதே இல்லை. அவர்கள் சோடா குடிக்க மரத்தடிக்குப் போன சமயம் நான் சருகுக் கூடையோடு போய்க் குனிந்து, புல்லில் கிடந்த சீமை மட்டைமேல் தென்னை ஈர்க்கை வைத்து ஒடித்தேன். மொத்த நீளத்துக்கு ஒன்று, கைப்பிடிக்கு ஒன்று, அகலத்துக்கு ஒன்று, நடுமுதுகின் கனத்துக்கு ஒரு துணுக்கு. நாலையும் முந்தானையில் முடிந்துகொண்டு வந்தேன்.

அளவு கிடைத்தாலும் அது போதாது என்று அண்ணன் சொன்னான். நம் ஊர் மரம் சீமை மரத்தைவிடக் கனம். அதே அளவில் செய்தால் உலக்கை மாதிரி இருக்கும். வேம்பு, பூவரசு, மா என்று ஒவ்வொரு துண்டாகக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, கடைசியில் நுணாவில் வந்து நின்றான். மாட்டின் கழுத்தில் ஏறுகிற நுகத்தடிக்கு எங்கள் பக்கம் நுணாதான். கனம் குறைவு, அடிதடி தாங்கும். மரவாடியில் ஒரு வருஷம் நிழலில் காய்ந்த துண்டைக் கேட்டு வாங்கினான். செதுக்கச் செதுக்க மஞ்சள் மஞ்சளாகச் சுருள் விழும். வீடே மஞ்சள் அரைத்தது போல இருந்தது.

கைப்பிடி பலகையோடு சேருகிற தோளிலும் ஓரங்களிலும் எடையைக் குறைத்தான். முதுகில் கை வைக்கவில்லை. கொஞ்சம் இழைப்பான், என்னிடம் நீட்டுவான். நான் இரண்டு விரலை நீட்டி அதன்மேல் மட்டையைப் படுக்க வைத்து, எந்த இடத்தில் ஆடாமல் நிற்கிறது என்று பார்ப்பேன். தோளுக்குக் கீழே ஒரு சாணில் நிற்க வேண்டும். அதற்குக் கீழே போனால் மட்டை தலைப்பாரம். தூக்குவதற்குள் பந்து போய்விடும். மேலே போனால் அடியில் வேகம் இருக்காது. அவன் கை காய்த்துப்போன கை, அதற்கு அவ்வளவு நுணுக்கம் தெரியவில்லை. என் விரலில் ஒரு சாணுக்கு வந்து நிற்கப் பதினோரு நாள் பிடித்தது. பிறகு மல்லாட்டை எண்ணெய்க் கசடை அம்மா மில்லிலிருந்து கொட்டாங்கச்சியில் கொண்டுவருவாள். அதைத் தடவித் தடவி ஊறவைத்தோம். மரச் சுத்தியலில் துணி சுற்றி, மட்டையின் முகத்தை நான் பகலெல்லாம் தட்டிக்கொண்டிருந்தேன். அப்படித் தட்டினால்தான் மரம் இறுகும், பந்து பட்டால் குழி விழாது.

பரீட்சை நடந்த ஞாயிற்றுக்கிழமை நானும் தூரத்தில் நின்றேன். எதிரே இருந்த விறகுக் கடைத் தராசில் மூன்றையும் போட்டார்கள். ஆசாரி செய்தது தேக்கு. மெருகெண்ணெய் பூசிப் பளபளவென்று பார்க்க நன்றாக இருந்தது. ஒன்றேகால் வீசை நின்றது. வீசைக்கு நாற்பது பலம், இன்றைய கணக்கில் ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. டிரில் மாஸ்டருடையது கல்யாண முருங்கை, அரை வீசைகூட இல்லை. எங்களுடையது முக்கால் வீசைக்கு மேல் நாலு பலம். அப்புறம் மட்டையைப் படுக்க வைத்துப் பிடித்து, நெஞ்சு உயரத்திலிருந்து பந்தைப் போட்டுப் பார்த்தார்கள். தேக்கில் பந்து முழங்காலுக்குக்கூட எழும்பவில்லை, பிடித்தவர் கையை உதறினார். கல்யாண முருங்கையில் பந்து பட்ட இடம் வட்டமாகக் குழிந்தது. டிரில் மாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நுணாவில் இடுப்புக்கு எழும்பியது. வக்கீல் மகன் அதை வாங்கி நாலைந்து பந்து அடித்தார். கடைசிப் பந்து விறகுக் கடை தாண்டிப் போனது. மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்து, "வெள்ளைச் சட்டை இருக்குதாடா?" என்று மட்டும் கேட்டார். மட்டையை அவரே வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார்.

சட்டை இல்லை. அம்மா யாரிடமோ கெஞ்சி இரவல் வாங்கினாள். கஞ்சி போட்டு, செம்பில் கொதிநீர் ஊற்றித் தேய்த்தாள். எனக்கு அத்தை திண்டிவனத்தில் இருந்ததால் என்னையும் கூட அனுப்பினாள். ரயிலில் அவர்கள் ஒரு பெட்டி, நாங்கள் ஒரு பெட்டி. மயிலம் தாண்டும் வரைக்கும் அண்ணன் உட்காரவே இல்லை, சட்டை கசங்கிவிடும் என்று.

திண்டிவனத்தில் நான் மைதானத்து ஓரம் வேலிக்கு வெளியே உட்கார்ந்தேன். வக்கீல் மகன்தான் முதலில் இறங்கினார். மட்டையை அவர் தூக்கின விதத்திலேயே எனக்கு என்னவோ போலிருந்தது. தோளைக் கொடுத்துத் தூக்கினார். முதல் மூன்று பந்தும் மட்டைக்குத் தப்பிப் போயின. நாலாவது பட்டது. சுள்ளி ஒடிகிற மாதிரி சத்தம். அடியிலிருந்து பாதி உயரம் பிளந்து, ஒரு சிம்பு தனியாகத் தொங்கியது. பந்து நேரே எதிராளி கையில் போய் விழுந்தது.

வெளியே வந்தவர் மட்டையை அண்ணன் காலடியில் விட்டெறிந்தார். "உன் கட்டையால மானம் போச்சு. நீ ஒண்ணும் ஆட வேணாம். அப்பிடியே உக்காரு." ஏழாவது இடத்தில் வேறு யாரோ இறங்கினார்கள்.

அண்ணன் மட்டையை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். அவன் கேட்கவில்லை, நானாகவே விரலை நீட்டினேன். ஒரு சாணில் நிற்கவில்லை. இன்னும் மூன்று விரல் கீழே தள்ளித்தான் நின்றது. வாங்கும்போதே கை இறங்கியது, ஒரு வீசைக்குக் குறையாது. மஞ்சளாக இருந்த மரம் வெளுத்து, எண்ணெய் திரண்டு பால் மாதிரி படிந்திருந்தது. கைப்பிடியில் சுற்றின சணலுக்குள் நகத்தை விட்டுப் பார்த்தேன். தவிடு. மாட்டுத் தொட்டியில் கிடக்கிற அந்தத் தவிடு, பாசியோடு.

அண்ணன் அவரிடம் போய் நின்று, மட்டை தண்ணீரில் கிடந்ததா என்று கேட்டான். அவர் மறைக்கக்கூட இல்லை.

"பின்ன? தண்ணி காட்டாம எப்பிடிடா வீட்டுக்குள்ள எடுத்துக்கினு போறது? பெரியம்மா வுட மாட்டேன்னுட்டாங்க. ரெண்டு நாள் தொட்டியில போட்டு, மொட்டை மாடியில காய வச்சாங்க. ஒரு கட்டைன்னா தண்ணி தாங்க வேணாவா?"

அண்ணன் சரிங்க என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான்.

இரண்டு நாள் தண்ணீர். அடியில் குறுக்கே அறுத்த வெட்டுவாய் வழியாக மரம் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அப்புறம் சித்திரை வெயிலில் மொட்டை மாடி. இரும்பு கூட விரியும். மைதானத்தில் கையில் வாங்கி அடித்தாரே, அப்போது அது நல்ல மட்டை. அவர் வீட்டு வாசலுக்குப் போன பிறகுதான் அது எங்கள் மட்டை ஆனது. எங்கள் அம்மா கையால் உடைத்துப் பொறுக்கின மல்லாட்டையை ஆட்டின எண்ணெயில்தான் அந்த வீட்டில் வடை வெந்தது. எண்ணெயை எந்தத் தொட்டியில் ஊறப்போட்டார்கள்? நாங்கள் அறுத்த மரத்தில்தான் அந்த வீட்டுக் கதவு. அதை ஏன் கழற்றிக் கழுவவில்லை? அவர்கள் வீட்டு மாடு குடிக்கிற தண்ணீர் எங்கள் வேலையைச் சுத்தம் செய்யுமாம். அதையும் பொறுத்துக்கொள்ளலாம். தங்கள் தொட்டியில் ஊறவைத்துக் கெடுத்ததை, செய்தவன் தலையில் போட்டார்களே, அதை எப்படிப் பொறுப்பது? அந்தக் கதைதான் இன்றைக்கும் பந்தியில் உட்கார்ந்து பேசப்படுகிறது. தொட்டியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

அடுத்த வருஷம் மறுபடி திண்டிவனத்தோடு பந்தயம். வக்கீல் மகன் சைக்கிளில் எங்கள் தெரு முனை வரைக்கும் வந்து, காலை ஊன்றிக்கொண்டு நின்று அண்ணனைக் கூப்பிட்டார். அண்ணன் மரவாடியில் இருந்தான். நான் வெளியே வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். வேறு எத்தனையோ மட்டை பார்த்தாகிவிட்டது, அது மாதிரி எதுவும் கைக்கு வரவில்லை, இன்னொன்று செய்யச் சொல், இந்தத் தரம் நிச்சயமாக ஆட விடுகிறேன் என்றார். போன வருஷத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வீட்டுக்குள் புது மட்டை ஒன்று இருந்தது. மழைக்காலம் முழுக்க அண்ணன் தனியாக அதைச் செய்துகொண்டிருந்தான். ஏதோ ஆசைக்குச் செய்கிறான் என்று நான் விட்டுவிட்டேன். துணி சுற்றிக் கூரையில் சொருகி வைத்திருந்தான். என் விரலில் வைத்துப் பார்க்கக்கூட நீட்டவில்லை.

நான் தலையை நிமிர்த்திச் சொன்னேன். "மட்டை இருக்குதுங்க. எங்க அண்ணன் கையால குடுக்கறத அப்பிடியே வாங்கிக்கினு போய் வீட்டுக்குள்ள வைக்கறதா இருந்தா எடுத்துக்குங்க. தண்ணியில போடறதா இருந்தா வேணாங்க."

அவர் என்னை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் அண்ணன் வந்ததும் பெருமையாகவே சொன்னேன். அவன் கூரையிலிருந்து மட்டையை உருவித் துணியைப் பிரித்து என் மடியில் வைத்தான். மட்டையின் அடிப்பக்கம் முழுக்க விரல் கனத்துக்கு அரக்கு உருக்கி ஊற்றியிருந்தான். கைப்பிடிச் சணலுக்கு மேல் மெழுகு. முகத்திலும் முதுகிலும் எண்ணெய் கண்ணாடி மாதிரி நின்றது.

"எட்டு நாள் குட்டையில போட்டுப் பாத்தேன். ஒரு பலம் ஏறல," என்றான். "தொட்டியில போட்டா போட்டுட்டுப் போறாங்க. நான் ஒரு தபா நின்னு ஆடியிருப்பேன் இல்ல. உன்னை யாரு பேசச் சொன்னது?"

பத்துப் பதினைந்து நாள் அவன் என்னோடு பேசவில்லை. சோறு போட்டால் சாப்பிடுவான், போய்விடுவான். அந்த வருஷம் திண்டிவனத்துக்கு அவனைக் கூப்பிடவில்லை. அதற்குப் பிறகு எந்த வருஷமும் கூப்பிடவில்லை. அவன் நிஜ மைதானத்தில் ஒரு பந்து கூட ஆடாமலேதான் போய்ச் சேர்ந்தான். நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் ஆடியிருப்பான். அது எனக்குத் தெரியும்.

தெரிந்தும், அந்த அரக்கை நினைக்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. ஒரு மனுஷன் மட்டை செய்யும்போது பந்தை நினைத்துச் செய்ய வேண்டும். மாட்டுத் தொட்டியை நினைத்துச் செய்ய வைத்தார்கள்.