யூரியாக் கப்பல் வரவில்லை

இன்று காலை மருதனார்மடத்துப் பசளைக் கடையில் எனக்கு முன்னால் கந்தையா அண்ணை நின்றார். பக்கத்துத் தோட்டக்காரர். இருவருக்கும் வெங்காயப் பயிர்தான்.

“யூரியா இல்லை அண்ணை. வளைகுடாப் பக்கம் சண்டை, கப்பல் வரேல்லையாம்” என்றார் கடைக்காரர்.

“எப்ப வரும்?”

“சண்டை முடியத்தான்.”

அண்ணை என் பக்கம் திரும்பினார்.

“ஒரு சண்டை முடிய எவ்வளவு காலம் எடுக்கும் எண்டு எங்களுக்குத் தெரியும் தம்பி. வெங்காயம் விளைய ரெண்டு மாசம்தானே.”

பிறகு நேரே அடுத்த பலசரக்குக் கடைக்குள் போனார். நானும் போனேன். சவர்க்காரம், நெருப்புப்பெட்டி, மெழுகுதிரி என்று அள்ளினார். எங்கள் யுத்தத்தில், பொருளாதாரத் தடை நாட்களில், கிடைக்காமல் போன அதே சாமான்கள்.

“அண்ணை, சண்டை இங்கை இல்லை. உதுகளுக்குத் தட்டுப்பாடு வராது” என்றேன்.

“ஓம், தெரியும். மனம் கேக்குதில்லை.”

எனக்குச் சிரிப்பு வந்தது.

வீட்டுக்கு வந்ததும் என் பையைத் திறந்த மனைவி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். உள்ளே நான் வாங்கிய ஆறு பக்கற் மெழுகுதிரி.

வெங்காயத்தாள் மஞ்சளாகிக்கொண்டு வருகிறது. யாரிடமாவது அரை மூட்டை யூரியா இருந்தால் சொல்லுங்கள். பதிலுக்கு மெழுகுதிரி தருகிறேன்.