முதுகில் அக்காவின் முகம்

எனக்கும் ஓட்டத்துக்கும் ஏழாம் பொருத்தம். பஸ் கிளம்பிவிட்டால் துரத்தாமல் அடுத்த பஸ்ஸுக்கு நிற்கிற ஆள் நான். அப்படிப்பட்டவள் அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுத்தது அக்காவுக்காக. அவளுக்கு மார்பில் புற்றுநோய். என் வீட்டில் தங்கி, கோவையில் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தாள். புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டும் ஓட்டம் என்று கம்பெனியில் சொன்னதும் கையைத் தூக்கிவிட்டேன். தையல் பிரிவுப் பெண்கள் கொஞ்சம் பேர் சேர்ந்துகொண்டார்கள். கேட்டவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அக்காதான் அதிகம் சிரித்தாள்.

வேலம்பாளையத்தில் நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியே எங்களுக்கு டி-ஷர்ட் தைத்துக் கொடுத்தது. முதுகில் அக்காவின் படம். ஒரு கல்யாணத்தில் எடுத்தது. தலை நிறைய மல்லிகை, யாரையோ திட்டப்போகிற மாதிரி ஒரு சிரிப்பு. பிரிண்டிங் பட்டறையில் படத்துக்கு ஒரு அச்சு ஸ்கிரீன், கீழே வரும் எழுத்துக்கு ஒரு ஸ்கிரீன். படத்துக்குப் புதிதாகப் போட்டவர்கள், எழுத்துக்கு மட்டும் போன வருட ஓட்டத்தின் ஸ்கிரீனை எடுத்து மாட்டிவிட்டார்கள். போன வருடம் ஓடியவர்கள் இறந்துபோனவர்களுக்காக ஓடியவர்கள். பெட்டியைப் பிரித்தேன். அக்காவின் சிரிப்புக்குக் கீழே ‘மறைந்தாலும் எங்கள் நினைவில்’ என்று இருந்தது.

பட்டறைக்காரரிடம் ஃபோனில் கத்தித் தீர்த்தேன்.

“தப்பு நடந்து போச்சுங்கக்கா. எல்லாத்தையும் வெட்டி வேஸ்ட்ல போட்டர்றனுங்க,” என்றார்.

வேறு அடித்தும் கொடுத்தார். வெட்டிய துணி மெஷின் துடைக்கப் போகும், அதோடு ஒழிந்தது என்று நானும் விட்டுவிட்டேன். வெட்டாமல் மூட்டையாகத் தள்ளிவிட்டால் அது செகண்ட்ஸ் என்று மலிவு விலையில் சந்தைக்கு வந்துவிடும். இந்த ஊரில் பிறந்தவளுக்கு அது தோன்றியிருக்க வேண்டும்.

விடிவதற்குச் சற்று முன் ஓடப் போவேன். மார்கழிப் பனி. சாயப்பட்டறை ஆவியும் அதோடு கலந்து ரோடு பாதிக்கு மேல் தெரியாது. இரவு ஷிப்ட் முடித்தவர்கள் பேச்சில்லாமல் நடந்து போவார்கள். ஒரு நாள் அந்தப் பனிக்குள் எனக்கு முன்னால் அக்கா போய்க்கொண்டிருந்தாள். கை கால் எதுவும் தெரியவில்லை. முகம் மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தபடி விலகிக்கொண்டே இருந்தது. என் கால் ஓடவில்லை. இப்போதுதானே வீட்டில் அவளுக்குப் போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டு வந்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முகம் பனியில் மறைந்துவிட்டது.

மறுநாள் சைக்கிளில் வந்தது. அப்புறம் பஸ் ஸ்டாப்பில், பேக்கரி வாசலில். அப்போதுதான் அது பட்டறையில் வெட்டாமல் தள்ளிவிட்ட சட்டை என்று புரிந்தது. புரிந்தும் பயம் போகவில்லை. வீட்டில் அக்கா முடி கொட்டி, புருவம் உதிர்ந்து, நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டு வந்தாள். வெளியே மல்லிகைப் பூவோடு பெருகிக்கொண்டே போனாள். இவளைப் பிரித்துத்தான் அவளை யாரோ தைக்கிறார்களோ என்றுகூட நினைத்தேன். அக்கா இதைப் பார்த்துவிட்டால் அன்றைக்கே மனசு விட்டுவிடுவாள் என்பதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய பயம்.

அதற்குப் பிறகு நான் எடுத்தது பயிற்சி இல்லை, துரத்தல். இடுப்பில் படம் எதுவும் இல்லாத புது டி-ஷர்ட்டுகளைக் கட்டிக்கொண்டு ஓடுவேன். அக்காவின் முகம் தெரிந்தால் விரட்டிப் பிடித்து, இதை வாங்கிக்கொண்டு அதைக் கழற்றித் தாருங்கள் என்பேன். வடநாட்டுக்காரர் ஒருவர் நடுங்கிக்கொண்டே கழற்றிக் கொடுத்துவிட்டு, “பாகல் ஹை” என்று முனகிப் போனார். பைத்தியம் என்கிறார் என்று புரியுமளவுக்கு எனக்கும் இந்தி தெரியும். கிடைத்த சட்டைகளைக் கண்ணை மூடிக்கொண்டு கத்தரியால் வெட்டுவேன். எனக்கு வேகம் கூடியது. சந்துகளில் முகங்கள் குறைந்தன. கடைசியில் ஒன்றுகூட எதிர்ப்படவில்லை.

ஓட்டத்துக்கு முந்தின மாலை கஞ்சி கொடுக்கும்போது அக்கா கேட்டாள்.

“ஏங்கண்ணு, அந்தச் சட்டையெல்லாம் புடிச்சுட்டியா?”

“எந்தச் சட்டைக்கா?”

“நீ கத்தரில வெட்டற சத்தம் கேக்குதே. ஆஸ்பத்திரிக்குப் போறப்ப கார்ல இருந்தும் பாத்தனே. ஒருத்தரு டீ குடிச்சுட்டு நின்னாரு. அவரு முதுகுல நான் செத்துப்போயிருந்தேன்.” சிரித்தாள். படத்தில் இருந்த அதே சிரிப்பு. “ஒண்ணை மட்டும் உட்டுரு கண்ணு. நான் போனாலும் எங்கியாச்சும் நடந்துட்டிருக்கட்டும்.”

“வாயைக் கழுவுக்கா,” என்று எரிந்து விழுந்தேன். அப்புறம், “சரி, உட்டர்றேன்,” என்றேன். விடுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் மூச்சு வாங்க ஓடி முடித்தேன். அக்கா தலையில் துணி கட்டி, நாற்காலியில் உட்கார்ந்து கை தட்டினாள். வெயில் காலம் முடிவதற்குள் போய்விட்டாள்.

இப்போதும் விடியுமுன் அதே ரோட்டில்தான் ஓடுகிறேன். இடுப்பில் எதையும் கட்டிக்கொள்வதில்லை. பனிக்குள் யாராவது எதிரே வந்தால் ஓரமாக நின்று வழிவிடுகிறேன். அவர் கடந்த பிறகு திரும்பி முதுகைப் பார்க்கிறேன்.