ஃபாஸ்டனர் ஒன்று கொடுங்கள்

தோழிகளே, படித்ததும் கிழித்துவிடுங்கள். அப்பாவுக்குத் தெரிந்தால் தொலைந்தேன்.

இன்று அவருடைய ரேடியோவை ரகசியமாகப் பிரித்துப் பார்த்தேன். திரும்பப் பூட்டும்போது ஒரு திருகாணியைக் காணோம்! ரேடியோவோடு வந்த புத்தகத்தில் அதற்கு "ஃபாஸ்டனர்" என்று போட்டிருந்தது. ராஜகீழ்ப்பாக்கம் ஹார்டுவேர் கடைக்கு ஓடி அதையே கேட்டேன்.

கடைக்கார அண்ணா சிரித்துவிட்டார். "ஸ்க்ரூ, நட்டு, போல்ட்டு, எல்லாமே ஃபாஸ்டனர்தாம்மா. அப்படிக் கேட்டா கடையையே தூக்கிக் குடுக்கணும். உனக்கு இன்னா வோணும்?"

ரேடியோவிலிருந்து கழற்றிக் கையோடு எடுத்துப்போன இன்னொரு திருகாணியைக் காட்டினேன். உடனே ஜோடி கிடைத்துவிட்டது!

இப்போது அப்பா செய்தி கேட்டுக்கொண்டிருக்கிறார். ஒரு கரகரப்பும் இல்லை!

ஆனால் கழற்றியதையெல்லாம் போட்டுவைத்த என் ஜாமெட்ரி பாக்ஸில் ஒரு வாஷர், ஓட்டை போட்ட குட்டி வட்டத் தகடு, மிச்சமிருக்கிறது. அது எங்கே போகவேண்டும், யாருக்காவது தெரியுமா?