அணைக்கரையில் மீன் பிரித்த அம்மாள்

வாளையார் அணைக்கரையில், வலையில் வரும் மீனை இனம் பிரித்துக் கூடைகளில் போடுவது அந்த அம்மாளின் வேலை. முழங்கைவரை செதிள் ஒட்டியிருக்கும். அன்று நான் போனபோது வந்ததெல்லாம் ஜிலேபி மீன்தான். எங்கிருந்தோ கொண்டுவந்து அணையில் விட்டது, பெருகி மற்ற மீன்களை இல்லாமல் ஆக்கிவிட்டது.

எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். "விரால் நெறைய இருந்தா இதோட குஞ்சத் தின்னு அடக்கியிருக்குமுங்க அக்கா," என்று படித்ததைப் பெருமையாகச் சொன்னேன்.

"விராலுக்குத்தான அம்மிணி நல்ல வெலை. அதையத்தான் மொதல்ல புடிச்சுத் தீத்தாங்க," என்றார். "இனிப் பிரிக்கறதுக்கு ஒண்ணுமில்ல, நாளைக்கு வரவேண்டாம்னு மேஸ்திரி சொல்லிப்போட்டாரு."

ஒவ்வொரு மீனையும் எடுத்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டார். எதைத் தேடினார் என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.