ஆறு முட்டைக்கு ஒன்றரைப் பாம்பு

பாம்பு முட்டைகளை வெட்டிப் பார்த்த அன்று, கோழிக்குஞ்சு பொரிக்கும் அறையில் நானும் அடைகாக்கும் மெஷினுக்குச் சொந்தக்காரரான தாய்மாமாவும் இருந்தோம். அம்மா நிலைப்படிக்கு வெளியே நின்றுகொண்டார். இல்லாதவர்கள் இரண்டு பேர். பணம் போட்ட அப்பா போர்வெல் வண்டியோடு மத்தியப் பிரதேசத்தில் எங்கோ பாறையைத் துளைத்துக்கொண்டிருந்தார். குட்டி வெள்ளையாகப் பிறந்தால் நல்ல விலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்ன சூரமங்கலத்து மீன்தொட்டிக் கடைக்காரர், "பொறந்ததும் போட்டோ அனுப்புங்க தம்பி" என்று தூரத்திலிருந்தே ஆசீர்வதித்திருந்தார்.

அப்பா போட்டது சும்மா கிடந்த பணமில்லை. எங்கள் வீட்டு ஓட்டைப் பிரித்துவிட்டுத் தளம் போட வைத்திருந்தது. குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான், அதுவும் விலங்கியல் பட்டம். "நீ படிச்ச புள்ள, உனக்குத் தெரியாததா சாமி" என்று அப்பா போனில் சொன்ன நிமிஷமே தளம் பாம்பாகிவிட்டது.

பால் பைத்தான் என்பது ஆப்பிரிக்கச் சிறு மலைப்பாம்பு. பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும், பெயரே அதனால்தான். விஷமும் கிடையாது, வீரமும் கிடையாது. இயற்கையில் கறுப்பும் பழுப்புமாகத் திட்டுத்திட்டாக இருக்கும். அது மனிதனுக்குப் போதவில்லை. கூண்டில் வைத்து இணைசேர்த்து, மஞ்சளும் வெள்ளையுமாக ஒன்று, கனிந்த வாழைப்பழத் தோல்மாதிரி ஒன்று, முதுகில் சிலந்திவலை பின்னியதுபோல ஒன்று என்று உண்டாக்கிவிட்டான். அந்தச் சிலந்திவலை வகைக்குப் பிறவியிலேயே தலை ஆடும். எலியைக் குறிவைத்துப் பக்கத்துச் சுவரைக் கவ்வும். அதனாலென்ன, கோலம் அழகாக இருக்கிறதே. விலையும் அழகாகவே இருந்தது.

நான் ஆசைப்பட்டது 'பைட்' என்ற வகைக்கு. சுண்ணாம்பு வெள்ளை உடம்பில் அங்கங்கே பழுப்புத் திட்டு. அதையே வாங்க வசதி போதவில்லை. அதனால் அந்த வெள்ளையின் மரபணுவை உள்ளே மறைத்துவைத்திருக்கும் ஒரு ஜோடியை வாங்கினேன். ஒடுங்கு பண்பு, வெளியே தெரியாது. பார்வைக்கு அச்சு அசல் சாதாரணப் பாம்பு, விலைதான் அசாதாரணம். உள்ளே வெள்ளை இருப்பதற்குச் சாட்சி, விற்றவர் கொடுத்த ஒரு காகிதம்.

"கண்ணுக்கே தெரியாத வெள்ளைக்கா இத்தன ரூவா?" என்றார் அம்மா.

"அது ஜீன்ல இருக்குதும்மா."

"அப்ப அந்த ஜீன மட்டும் வாங்கியாந்திருக்கலாமுல்ல? பாம்பு எதுக்கு?"

 அரசாங்க இணையதளத்தில் இரண்டையும் முறையாகப் பதிவு செய்தேன். இந்தக் கதையில் நான் உருப்படியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

பெண் பாம்பு ஆறு முட்டை இட்டது. தீவன மூட்டையின் மேல் நாலு கட்டம் போட்டு மாமாவுக்கு விளக்கினேன். தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று, இரண்டும் வெள்ளைக்கான மரபணுவாக வந்தால்தான் குட்டி வெள்ளை. நாலில் ஒன்றுக்குத்தான் அப்படி அமையும்.

"அப்ப ஆறு முட்டைக்கு ஒண்ணரைப் பாம்பு" என்றார் மாமா. "அந்த அரைப் பாம்ப யாருக்கு மாப்ள விக்கறது?"

இத்தனை வேகமாகக் கணக்குப் போட்டவருக்கு மற்றதும் தெரியும் என்று நம்பியது என் தவறு. அவருடைய சின்ன மெஷினில் முட்டை திருப்பும் தட்டைக் கழற்றினேன். சூட்டை முப்பத்தொன்றரை டிகிரிக்கு இறக்கினேன். முட்டைகளை ஈரமான தேங்காய்நார்த் தூளில் வைத்து, மேல்பக்கம் பென்சிலால் கோடு போட்டேன். முப்பத்தெட்டாம் நாள் அரசுத் தேர்வுப் பயிற்சிக்குச் சென்னை கிளம்பினேன். சூடு இவ்வளவு, ஈரம் இவ்வளவு, கரண்ட் போனால் இன்வெர்ட்டர் என்று ஒரு பக்கம் எழுதி மெஷினில் ஒட்டியிருந்தேன். போன் போட்டபோதெல்லாம் மாமா, "தங்கமாட்டம் இருக்குது" என்றார்.

ஐம்பத்தெட்டாம் நாள் திரும்பி வந்தேன். ஓடு உள்வாங்கிப் பூசணம் பிடித்திருந்தது. பென்சில் கோடு ஒரு முட்டையில் மேலே, இன்னொன்றில் பக்கவாட்டில், மற்றொன்றில் காணவே காணோம்.

"மாமா, இதத் தொட்டீங்களாங்?"

"தொடாம? நீ தட்டக் கழட்டிப்போட்டு மறந்து போயிட்ட. வேலைக்காரன நம்பி உட முடியுமா? காலைல ஒருக்கா, மத்தியானம் ஒருக்கா, பொழுதுசாய ஒருக்கா, நானே என்ற கையில திருப்பி வச்சேன். காய்ச்சல்ல கெடந்த அன்னிக்குங்கூட உடல."

கோழி முட்டையைத் திருப்பாவிட்டால் கரு ஓட்டில் ஒட்டிச் செத்துப்போகும். பாம்பின் கரு ஓட்டில் ஒட்டித்தான் உயிர் வாழும், திருப்பினால் செத்துப்போகும். நான் எழுதி ஒட்டிய பக்கத்தில் இந்த ஒரு வரி மட்டும் இல்லை. தட்டைக் கழற்றியதே சொல்லிவிடும் என்று நினைத்திருந்தேன். படித்த புத்தி.

"கடைசி மூணு நாளு திருப்பறத நிறுத்திப்போட்டேன்" என்றார் மாமா பெருமையாக. "கோழி முட்டைக்கும் அப்பிடித்தான, அது எனக்குத் தெரியாதாக்கும்!"

கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக வெட்டினேன். முதல் மூன்றிலும் செத்த பழுப்புக் குட்டிகள். நாலாவதில் விரல் தடிமனில் ஒன்று சுருண்டு கிடந்தது. வெள்ளை உடம்பு. கழுத்தருகே ஒரு திட்டு, வாலருகே ஒரு திட்டு. கட்டக் கணக்கு அப்பழுக்கில்லாமல் சரி.

"வெள்ளையா மாப்ள அது?"

"வெள்ளைதானுங் மாமா."

அவர் காலி முட்டை அட்டைகளின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அம்மா முதல்முறையாக உள்ளே வந்து குனிந்து பார்த்தார். "அழகாத்தான் இருந்திருக்குது" என்றார். மிச்சம் இரண்டையும் மாமாதான் வெட்டினார். அவையும் பழுப்பு.

அடுத்த மாதம் ஜோடியைச் சூரமங்கலத்துக்குத் தூக்கிப்போனேன். கடைக்காரர் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார், இரண்டு பாம்பையும் பார்த்தார். "காயிதத்துல என்ன வேணா எழுதலாம் தம்பி. பாக்கறதுக்கு நார்மல்தானே?" என்று சாதாரணப் பாம்பு ஜோடியின் விலையான இருபத்திரண்டாயிரத்தை எண்ணிக் கொடுத்தார். அந்த வெள்ளைக் குட்டியை நான் ஒரு போட்டோகூட எடுத்துவைக்கவில்லை.

ஜோடி, பெட்டிகள், சூட்டுக் கருவி, ஒன்றரை வருடத்து எலி எல்லாவற்றையும் கூட்டி, அவர் கொடுத்ததைக் கழித்தேன். ஞாயிற்றுக்கிழமை அப்பா கூப்பிட்டார். என்ன ஆச்சு, ஏன் ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"கொத்தனாருக்கு ஒரு பதில் சொல்லோணும். தளத்துக்கு எவ்வளவு கொறையுது சாமி?"

"ஒரு லட்சத்து ஆறாயிரத்து நானூறுங்கப்பா."